எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்யத் தொடங்கினால் முன்னால் நிற்பது இரண்டு வேலை. டிஸ்கைப் பழையபடி ஓட வைப்பது ஒன்று. உள்ளே இருக்கும் டேட்டாவைப் பத்திரமாக வெளியே எடுப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் பலர் டேட்டாவைத் தொலைக்கிறார்கள். விண்டோஸ் தரும் ரிப்பேர் வசதிகள் முதல் வேலையை மட்டும்தான் பார்க்கும். அதற்காக உங்கள் கல்யாண போட்டோக்களில் பாதியை எறிய வேண்டி வந்தாலும் எறிந்துவிடும்.

அதனால் எந்த பட்டனையும் அழுத்துவதற்கு முன் ஒரே கேள்வி: உள்ளே இருப்பதற்கு வேறெங்காவது காப்பி இருக்கிறதா? இருந்தால் கவலையே இல்லை, பேசாமல் ஃபார்மேட் செய்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால், டேட்டா கைக்கு வரும் வரை அந்த டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்டால் கேன்சல். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று கேட்டாலும் கேன்சல்.

கீழே இருப்பது பெரும்பாலும் வீடுகளிலும் ஸ்டூடியோக்களிலும் புழங்கும் இரண்டரை அங்குல யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

சொருகினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். இந்த டிஸ்க்குகளில் வரும் தட்டையான யூஎஸ்பி 3 முனையை உற்றுப் பாருங்கள்: அகலமான ஒரு பகுதி, நடுவில் ஒரு பள்ளம், பக்கத்தில் குறுகலான இன்னொரு பகுதி. டிஸ்கின் பக்கம் இருக்கும் சாக்கெட் சின்ன போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கேபிள் தொங்க டிஸ்கைப் பயன்படுத்தினால் அந்த சாலிடர்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். கேபிளை லேசாக அசைத்தால் லைட் விட்டு விட்டு எரிகிறதா என்று பாருங்கள்.

மாற்றுக் கேபிள் கையில் இல்லையென்றால், பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யூஎஸ்பி கேபிள் அந்த சாக்கெட்டின் அகலமான பாதியில் சரியாக உட்காரும். வேகம் யூஎஸ்பி 2 அளவுக்குக் குறையும், ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. போனை கம்ப்யூட்டரில் இணைத்து ஃபைல் மாற்றிப் பழகிய கேபிளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். யூஎஸ்பி 2 போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900. நின்றுகொண்டிருக்கும் தட்டைச் சுழற்றிக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில் டிஸ்க் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் வரை இழுக்கலாம். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட், தனி கரண்ட் இல்லாத யூஎஸ்பி ஹப், பழைய லேப்டாப் எல்லாம் இங்கேதான் தடுமாறும். மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்க போர்ட்டில், நடுவில் எதுவும் இல்லாமல் சொருகிப் பாருங்கள்.

சொருகியதும் டிஸ்கை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுழன்றால் மெல்லிய அதிர்வு கைக்குத் தெரியும். அதிர்வு இருந்து, கம்ப்யூட்டரில் மட்டும் தெரியவில்லை என்றால் நல்ல செய்தி. அடுத்த பகுதிக்குப் போகலாம். அதிர்வு இல்லை, சத்தமும் இல்லை, இரண்டு கேபிள், இரண்டு கம்ப்யூட்டர் பார்த்தாயிற்று என்றால் பிரச்சினை போர்டிலோ மோட்டாரிலோ இருக்கிறது.

மேஜையில் வைக்கும் மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் இருக்கும். அது வீக்கானாலும் லைட் எரியும், மோட்டார் மட்டும் சுழலாது. அதே வோல்ட், அதே துருவம், ஆம்பியர் குறையாத அடாப்டரை மாற்றிப் பாருங்கள். முனை பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் சொருகி போர்டை எரித்தவர்கள் நிறைய. அப்படி ஆகிவிட்டாலும் டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் போர்டுகளில் அதிக வோல்ட்டைத் தானே வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகும் டிவிஎஸ் டயோடு உண்டு. பல நேரம் அது மட்டும்தான் போயிருக்கும். போர்டு வேலை தெரிந்தவர் அதை எடுத்துவிட்டால் டேட்டா எடுக்கும் அளவுக்கு டிஸ்க் ஓடும்.

லைட் எரிகிறது, சுழல்கிறது, ஆனால் 'திஸ் பிசி'யில் காணோம்

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். உண்மை நிலவரம் அங்கேதான் தெரியும்.

பார்ட்டிஷன் 'ஹெல்தி' என்று காட்டி, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. 'ஆஃப்லைன்' என்றிருந்தால் ஆன்லைன் ஆக்கினால் போதும். இவை அரை நிமிட வேலை.

எழுத்து கொடுத்ததும் ஃபார்மேட் கேட்கிறதா? இந்த டிஸ்க் கடைசியாக எங்கே போயிருந்தது என்று யோசியுங்கள். எடிட்டிங்குக்குப் போய்வந்த டிஸ்க்கை அங்கே மேக்கில் அதற்கே உரிய முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. டிஸ்கில் ஒரு குறையும் இருக்காது, மேக்கில் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஃபார்மேட் கொடுத்தால் நல்ல டிஸ்கை நாமே கெடுத்ததாகிவிடும்.

'நாட் இனிஷியலைஸ்டு' என்று வந்து, எந்த முறையில் இனிஷியலைஸ் செய்யட்டும் என்று ஒரு பெட்டி கேட்டால், மூடிவிடுங்கள். டிஸ்கின் முதல் பகுதியில் இருக்கும் பார்ட்டிஷன் கணக்கைப் படிக்க முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். அங்கே புதிதாக எழுதுவது உதவாது.

அளவே காட்டாமல் 'நோ மீடியா' என்று வந்தால், யூஎஸ்பி பக்கம் பேசுகிறது, டிஸ்க் பக்கம் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் யூஎஸ்பியையும் டிஸ்கின் சாட்டா இணைப்பையும் சேர்க்கும் ஒரு பிரிட்ஜ் போர்டு இருக்கும். அது மட்டும் கெட்டிருந்தால், டிஸ்கைப் பெட்டியிலிருந்து எடுத்து வேறொரு சாட்டா கேஸிங்கில் போட்டால் உயிர் வந்துவிடும். எல்லா டிஸ்கிலும் இது நடக்காது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில் பல மாடல்களில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் சொந்த போர்டிலேயே இருக்கிறது, தனி பிரிட்ஜ் கிடையாது. பாஸ்வேர்ட் வைக்காவிட்டாலும் அந்த போர்டே டேட்டாவை என்கிரிப்ட் செய்துதான் எழுதுகிறது. அந்த போர்டைத் தூக்கிப் போட்டால் சாவியையும் சேர்த்துத் தூக்கிப் போட்ட மாதிரி. வாரன்டி பாக்கி இருந்தாலும் பெட்டியைத் திறக்காதீர்கள். சீல் உடைந்தால் அது போய்விடும்.

'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் 'ரா' என்று இருக்கும். ஃபைல்கள் போகவில்லை. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் கெட்டிருக்கிறது. காப்பி ஓடும்போது கேபிளைப் பிடுங்குவது, நடுவில் கரண்ட் போவது, டிவியில் படம் பார்த்துவிட்டு டிவி ஓடும்போதே கழற்றுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து 'குயிக் ரிமூவல்' இயல்பாகவே ஆன் ஆகியிருப்பதால் இனி 'சேஃப்லி ரிமூவ்' வேண்டியதில்லை என்ற பேச்சு பரவியிருக்கிறது. ஒரு ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும் என்று நம் வீடியோகிராபர்கள் விரும்பிப் போடும் எக்ஸ்ஃபாட் முறையில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது என்பதால் அது இந்த அடியை விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தாங்காது.

அட்டவணை மட்டும் கெட்டிருக்கிறதா, டிஸ்கே கெடுகிறதா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். அதற்கான ஸ்மார்ட் சோதனையை அடுத்த பகுதியில் சொல்கிறேன். அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள். டிஸ்க் நலமாக இருந்தால் இலவச மென்பொருளான டெஸ்ட்டிஸ்க் போதும். கறுப்பு ஜன்னலில் எழுத்தாக வரும், பயப்பட வேண்டாம். டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ், குயிக் சர்ச் கொடுத்தால் பார்ட்டிஷன் தெரியும். அதன்மேல் நின்று 'பி' அழுத்தினால் ஃபைல் பட்டியல் வரும். பட்டியலில் உங்கள் ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தால் பாதி ஜெயித்துவிட்டீர்கள். அங்கிருந்தே வேறொரு டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். 'ரைட்' என்ற தேர்வை மட்டும் இப்போது தொடாதீர்கள். பட்டியல் வரவில்லை என்றால் அதனுடன் வரும் போட்டோரெக் இருக்கிறது. அது அட்டவணையைப் பார்க்காமல் ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்தே தேடி எடுக்கும். அதனால் பெயரும் ஃபோல்டரும் இருக்காது, ஆயிரக்கணக்கான படங்கள் எண்ணோடு வந்து விழும். துண்டு துண்டாக எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் இதில் சரியாக வராமலும் போகலாம். அதனால் இது கடைசி வழி.

'செக் டிஸ்க்' பற்றி ஒரு வார்த்தை. எதற்கெடுத்தாலும் அதை ஓட்டச் சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கணக்கு நோட்டில் படிக்க முடியாத பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'இப்போது கணக்கு சரி' என்று சொல்லும் குமாஸ்தாவைப் போன்றது அது. கெட்ட பதிவுகளை வெட்டிவிடும். மிஞ்சிய துண்டுகளை 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவிடும். காப்பி எடுத்து முடித்த டிஸ்குக்கு அது நல்ல கருவி. அதற்கு முன்னால் வேண்டாம்.

திறக்க யுகமாகிறது, காப்பி நடுவில் நின்றுவிடுகிறது

அதிகம் அலட்சியப்படுத்தப்படும் அறிகுறி இதுதான். ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு மெல்ல நகர்கிறது, குறிப்பிட்ட ஒரு படத்தைத் தொட்டால் எக்ஸ்ப்ளோரரே உறைந்துவிடுகிறது, சில சமயம் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்றோ 'ஐஓ டிவைஸ் எரர்' என்றோ மெசேஜ். டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். டேட்டாவை மலிவாகவும் முழுதாகவும் எடுக்கக் கிடைத்திருக்கும் நேரமே இதுதான்.

உள்ளே நடப்பது இது. ஒரு செக்டரை (தட்டில் டேட்டா எழுதப்படும் சின்னக் கட்டம்) படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் விட்டுவிடாது. தட்டு ஒவ்வொரு சுற்று வரும்போதும் மறுபடி மறுபடி படிக்கப் பார்க்கும். அது தோற்றதும் விண்டோஸ் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். ஒரு கெட்ட இடம் இப்படிப் பல நொடிகளை விழுங்கும். அந்த நேரமெல்லாம் ஏற்கெனவே தளர்ந்த ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) அதே இடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

வேகக் குறைவு எல்லாம் நோய் இல்லை. எப்போதும் ஒரே சீராக நொடிக்கு 30, 40 எம்பி வருகிறது என்றால் அது யூஎஸ்பி 2 வேகம். கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். படிப்பது நன்றாக இருக்கிறது, பெரிய காப்பி போடும்போது மட்டும் கொஞ்ச நேரம் கழித்துப் படுத்துவிடுகிறது என்றால் அது எஸ்எம்ஆர் வகை டிஸ்காக இருக்கலாம். டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவதால் எழுத்து வேகம் அப்படித்தான் இருக்கும். படிக்கும்போதும் நின்று நின்று போனால்தான் கவலை.

உறுதி செய்ய கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறங்கள். டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளை அது காட்டும். பட்டியல் நீளமாக இருக்கும், நான்கை மட்டும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 திருத்தவே முடியாதவை. சி7 டிஸ்குக்கும் பிரிட்ஜ் போர்டுக்கும் நடுவில் வந்த பிழைகள். மற்ற மூன்றும் சுத்தமாக இருந்து இது மட்டும் ஏறினால் கேஸிங் மாற்றினால் சரியாகலாம். எண்கள் முதலில் ஹெக்ஸாவில் தெரியும், அதாவது 10 என்றிருந்தால் உண்மையில் 16. மெனுவில் டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சி5 பூஜ்யம் இல்லையென்றால் இனி அந்த டிஸ்கில் வேறு எந்த சோதனையும் வேண்டாம். 'குட்' என்று நீலத்தில் காட்டினாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். டிஸ்க் இன்னும் தொட்டுப் பார்க்காத கெட்ட இடம் அந்தக் கணக்கில் வந்திருக்காது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் வந்திருந்தால், கெட்ட பிளாக்கை விண்டோஸும் பார்த்துவிட்டது என்று பொருள்.

கெட்ட செக்டர்கள் கொஞ்சம்தான் என்றால், எது போனால் தாங்க மாட்டீர்களோ அதை முதலில் காப்பி செய்யுங்கள். மொத்த டிரைவையும் இழுத்துப் போடாமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள். பெரிய ஐகான் வைத்துப் பார்த்தால் தம்ப்நெயிலுக்காக ஒவ்வொரு படத்தையும் டிஸ்க் படிக்கும். அதனால் 'டீடெய்ல்ஸ்' வியூவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ் ஸ்கேன் வேண்டாம். ஓடுகிறதா என்று பார்க்க அந்த டிஸ்கிலிருந்தே வீடியோவைப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். ஒரு ஃபைலில் நின்றால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு மேலே போங்கள்; ஒரு படத்துக்காகப் பிடிவாதம் பிடித்தால் மீதி ஆயிரம் படம் போய்விடும்.

எக்ஸ்ப்ளோரரே உறைந்துபோகும் அளவுக்கு இருந்தால் விண்டோஸை விட்டுவிட்டு, ஒரு பென்டிரைவில் லினக்ஸ் லைவ் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல இலவசக் கருவி எனக்குத் தெரியாது. ஃபைல் ஃபைலாகப் பார்க்காமல் மொத்த டிஸ்கையும் அப்படியே ஓர் இமேஜாக இன்னொரு டிஸ்குக்கு எடுக்கும். முதலில் சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும், தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய்விடும், எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று ஒரு மேப் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் டிஸ்க் கழன்றுவிட்டாலும் கரண்ட் போனாலும் அதே மேப் ஃபைலைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில் 'என்' ஆப்ஷனைச் சேர்த்து, கெட்ட இடங்களைச் சுரண்டும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். மீண்டும் முயலும் 'ஆர்' ஆப்ஷன் இரண்டாம் ஓட்டத்துக்கு.

இதில் உயிர் போகும் தவறு ஒன்று உண்டு. எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாமேல் எழுதப்படும். டிஸ்க் பட்டியலில் அளவையும் மாடல் பெயரையும் படித்து உறுதி செய்த பிறகே என்டர் தட்டுங்கள். வாங்கும் பக்கத்தில் கெட்ட டிஸ்கின் முழுக் கொள்ளளவைவிட அதிக காலியிடம் வேண்டும். பாதிதான் நிரம்பியிருந்தது என்ற கணக்கு இங்கே உதவாது. நல்ல நிலையில் இருக்கும் 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தாலே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கெட்ட டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கும். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். இமேஜ் கிடைத்துவிட்டால் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் எல்லாவற்றையும் அதன்மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

டக், டக், டக்

ஒரே தாளத்தில் டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஹெட்டால் தட்டில் தன் இடத்தைப் படிக்க முடியவில்லை. கடைசிவரை போய் முட்டித் திரும்பி மறுபடி தேடுகிறது. கரண்ட் போதாமலும் இப்படிச் சத்தம் வரலாம் என்பதால், நல்ல கேபிளில், பின்பக்க போர்ட்டில் ஒரே ஒரு முறை சொருகிப் பார்க்கலாம். அப்போதும் தட்டினால் மென்பொருள் கதை முடிந்தது. சுழலாமல் 'பீப் பீப்' என்று முனகினால் பெரும்பாலும் ஹெட் தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, மோட்டார் திணறுகிறது. கீழே விழுந்த டிஸ்கில் இது அதிகம்.

ஃப்ரீசரில் வைப்பது, உள்ளங்கையில் தட்டுவது, மூடியைத் திறந்து ஹெட்டை நகர்த்துவது என்று வீடியோக்களில் வருவதை எதையும் செய்யாதீர்கள். சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. நம் வீட்டுக் காற்றில் மிதக்கும் தூசி அதற்கு முன்னால் பாறை. ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அதே மாடல் போர்டை வாங்கி மாற்றுவதும் பலிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் அல்லவா இருக்கின்றன. அந்த ரோம் சிப்பையும் சேர்த்து மாற்றினால்தான் புதிய போர்டு பேசும்.

இனி டேட்டா ரெக்கவரி லேப்தான். கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: டிஸ்கை சுத்தமான அறையில் திறக்கிறீர்களா? ஹெட் மாற்ற அதே மாடல் டோனர் டிஸ்க் (உதிரி பாகத்துக்காகப் பிரிக்கும் இன்னொரு டிஸ்க்) யார் பொறுப்பு? டேட்டா வரவில்லை என்றால் எவ்வளவு? பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் திறக்காமல் திருப்பித் தருவீர்களா? 'ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கிறேன்' என்று தட்டிக்கொண்டிருக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓட விடும் கடையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் முறை திறக்கும்போதுதான் வாய்ப்பு அதிகம்.

ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன

பிரிண்ட் போடும் கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போய்வந்த டிஸ்க் இது. டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஏறும். கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸை அப்டேட் செய்துவிட்டு டிஸ்கை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் டிக்கை எடுங்கள். மங்கலாக எல்லாம் தெரியும். சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் இருக்கும். அவற்றை வேறிடத்துக்குக் காப்பி செய்துவிட்டு டிஸ்கை ஃபார்மேட் செய்யுங்கள்.

டேட்டா வந்துவிட்டது, டிஸ்கை என்ன செய்ய?

குயிக் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விண்டோஸ் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும், அதனால் காத்திருந்த ஒவ்வொரு செக்டர் பற்றியும் டிஸ்க் முடிவெடுத்தாக வேண்டும். முடிந்ததும் மறுபடி ஸ்மார்ட் பாருங்கள். சி5 பூஜ்யமாகி 05 ஏறாமல் இருந்தால், கரண்ட் போனதில் அரைகுறையாக எழுதப்பட்ட செக்டர்கள்தான் அவை; டிஸ்கை இரண்டாம் காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். 05 ஏறியிருந்தால், அதுவும் ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே போனால், சினிமா ஏற்றி டிவியில் பார்ப்பதற்கு மேல் எதற்கும் ஆகாது. வாரன்டி இருந்தால் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாக வருவது வேறொரு காலி டிஸ்க், பழையது உங்களிடம் திரும்பாது. அனுப்புவதற்கு முன் எடுத்த காப்பியைத் திறந்து, சில வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.